தன்னேற்பு யார் பொறுப்பு? தமிழ் ஊடகமும் பெண்ணின் தோல் நிறமும்

1. கேள்வி

2020 ஜூன் மாதக் கடைசியில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. ஜூலை முதல் வாரத்தில் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்ற புதுப் பெயர் வந்தது. 1975 முதல் இந்தியச் சந்தையில் புழங்கிய பெயர், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை ஒட்டி உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்பில் 45 ஆண்டுகளுக்குப் பிறகு மாறியது. இந்தியப் பெண்கள் அதற்கு முன் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த எதிர்ப்பு அதைச் சாதித்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அந்தப் பெயர் மாற்றத்தை ஒட்டி ஓர் அறிவுரையும் பரவலானது. “உன்னை நீ ஏற்றுக்கொள், உன் நிறத்தை நீ நேசி” என்று விளம்பரங்களும் மகளிர் இதழ்களும் நடிகைகளின் பேட்டிகளும் பெண்ணைப் பார்த்துச் சொல்லத் தொடங்கின. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அந்த அறிவுரை யாரிடம் சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படவில்லை என்று பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. அளவுகோலை வைத்தவர்கள் ஒருபக்கம் ஒதுங்கிக்கொள்ள, அந்த அளவுகோலால் அளக்கப்பட்டவள்தான் தன் மனத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியவளாகிறாள்.

கறுப்பான தமிழ்ப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி இருக்கும் குறை, விளம்பரம் பார்த்து உண்டான மயக்கம் என்று கொள்வது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பெண் பார்க்கும் கூடத்திலும் வேலைக்கான நேர்காணலிலும் தனக்கு என்ன மதிப்புப் போடுகிறார்கள் என்பதை அவள் சரியாகவே கணித்து வைத்திருக்கிறாள். ஊடகம் அந்தக் கணிப்பைப் பெரிதாக்குகிறது, அதிலிருந்து பணம் பார்க்கிறது. அப்படியிருக்க, தன்னேற்பைப் பெண்ணின் மனப்பயிற்சியாக மட்டும் பேசுவது எவ்வளவு தூரம் செல்லும்?

2. இதுவரையான விளக்கங்கள்

ஊடகத்தின் அழகு அளவுகோல் பெண்ணின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்ற கருத்துக்கு உளவியலில் உறுதியான அடித்தளம் உண்டு. மனிதர்கள் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே தம் தகுதியை மதிப்பிடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். பக்கத்து வீட்டு முகத்துக்குப் பதிலாகத் திரை முகம் ஒப்பீட்டுக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, அதிகம் எடுத்துக்காட்டப்படும் சான்று ஃபிஜித் தீவிலிருந்து கிடைத்தது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அது வந்த புதிதிலும், பிறகு 1998லும் பள்ளி மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற மானுடவியலாளர் கணக்கெடுத்தார். உணவுப் பழக்கக் கோளாறைக் குறிக்கும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். பருத்த உடலைச் செழிப்பின் அடையாளமாகக் கொண்டாடிய ஊரில் நேர்ந்த மாற்றம் இது. ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டவர்கள் அறுபது சொச்சம் பேர்தான், இரண்டு முறையும் அதே பெண்கள் அல்லர் என்ற குறைகள் இருந்தாலும், திரையின் பாதிப்பை இவ்வளவு நேராகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

ஆனால் ஃபிஜியின் பாடத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே மெலிவு என்ற அளவுகோல் வெளியிலிருந்து இறங்கியது. இங்கே சிவப்பு நிறத்தின் மீதான விருப்பம் தொலைக்காட்சிக்கு மிகவும் மூத்தது. நம் நிலைமைக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று என்று நினைக்கிறேன். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கு முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது. குழந்தைகளின் மனத்தைத் திருத்தச் சொல்லி அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தின் ஏற்பாட்டை மாற்றச் சொன்னது. தாழ்வுணர்ச்சியை ஒரு சமூக ஏற்பாட்டின் பதிவாகப் படித்த அந்த அணுகுமுறை நம் விவாதங்களில் இன்னும் போதிய அளவு வரவில்லை.

சிவப்பு நிறத்தின் மீதான மோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பது ஒன்று. சாதியோடு வந்தது என்பது மற்றொன்று. முதல் விடையை ஆதரிப்பவர்கள் சங்கப் பாடல்களை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே தலைவியின் அழகு மாந்தளிரின் மாமை நிறம். பிரிவால் அதன்மேல் படரும் வெளிறிய பசலைதான் நோய். வெள்ளிவீதியார் குறுந்தொகையில் தன் மாமை யாருக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாவதைப் பற்றிப் பாடுகிறார், அதுவும் ஒரு பெண்ணின் குரலில். இந்தச் சான்றின் வலிமையை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு கவிதை மரபிலிருந்து அக்காலப் பெண்களின் வாழ்க்கையை அனுமானிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாம் ஒருகாலத்தில் கறுப்பைக் கொண்டாடினோம் என்ற பெருமிதம் இன்றைய பெண்ணுக்குக் கைகொடுக்கவும் இல்லை.

சாதி விளக்கம் இதைவிட நெருங்கிவருகிறது. நிழலில் இருந்தவர்கள், வெயிலில் நின்று உழைத்தவர்கள் என்ற பிரிவினை உடலின் மேல் எழுதப்பட்டது. எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்பதை எந்தத் தெருவிலும் காணலாம். இருந்தும் ஒருத்தியின் நிறத்தைப் பார்த்து அவள் எந்தத் தெருக்காரி என்று ஊகிக்கும் பழக்கம் போகவில்லை. திராவிட இயக்கம் கறுப்பை அரசியல் நிறமாக்கியது, கறுப்புச் சட்டையைத் தன்மானத்தின் சின்னமாக்கியது. அந்தத் தன்மானம் சட்டையிலிருந்து பெண்ணின் தோலுக்கு ஏன் வந்து சேரவில்லை என்று இயக்க வரலாற்றாசிரியர்கள் எழுத வேண்டியிருக்கிறது.

3. களிம்பும் அதன் விளம்பரமும்

முகக்களிம்புகள் இந்த விருப்பத்தை உண்டாக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் கண்டெடுத்து, அதற்கு ஒரு குழாயும் ஒரு கால அளவும் கொடுத்தன. இதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. கவின்கேர் நிறுவனம் 1998இல் ‘ஃபேர்எவர்’ களிம்பைக் கொண்டுவந்தபோது அதன் முக்கியச் சரக்காக முன்வைத்தது குங்குமப்பூவை. பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெண்ணின் நிறத்தைப் பற்றிய கவலை அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவதைக் காட்டும் வழக்கம் அது. அந்தக் கவலை கடைக்கு வந்து, சில ரூபாய்க்குச் சாஷேயிலும் கிடைத்தது. வாரச் சம்பளம் வாங்கும் பெண்ணும் வாங்கக்கூடிய விலை.

இன்னொரு நிறுவனத்தின் விளம்பரம் அதைவிட வெளிப்படையாக இருந்தது. ஓய்வுபெற்ற தந்தை தனக்கு ஒரு மகன் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். கேட்டுக்கொண்டிருந்த கறுப்பு மகள் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பூசிச் சிவப்பாகி, விமானப் பணிப்பெண் ஆகி, பெற்றோரை நட்சத்திர ஓட்டலுக்கு அழைத்துப் போகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இத்தகைய விளம்பரங்களை எதிர்த்து நிறுவனத்திடம் முறையிட்டது. பிறகு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குச் சென்றது. 2003இல் மத்திய அரசின் தலையீட்டால் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அந்த விளம்பரத்தை இன்று நினைத்துப் பார்க்கும்போது என்னைத் தொந்தரவு செய்வது அதன் பொய்யைவிட அதில் இருந்த உண்மைதான். மகன் இல்லாத வீட்டின் புழுக்கம், தோற்றத்தை முன்னிட்டு ஆள் எடுக்கும் வேலை, சம்பாதிக்கும் மகளுக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை ஆகிய மூன்றும் அந்தக் குடும்பத்துக்கு வெளியேயும் இருந்தன. விளம்பரம் இட்டுக்கட்டியது களிம்பின் திறனைத்தான்.

2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கறுப்பானவரை அழகற்றவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டக்கூடாது, நிறத்தைச் சாதியோடும் தொழிலோடும் பொருளாதார நிலையோடும் முடிச்சுப் போடக்கூடாது என்றது. 2019இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அட்டையிலிருந்து இரட்டை முகங்களும் நிற அளவுகோலும் நீக்கப்பட்டன. இவை மாதர் அமைப்புகள் போராடிப் பெற்ற மாற்றங்கள், சிறியவை என்று ஒதுக்கமாட்டேன். ஆனால் சிவப்பு என்று சொல்லாமல் பொலிவு என்றும் பளபளப்பு என்றும் சொல்ல விளம்பரம் கற்றுக்கொண்டது. பார்ப்பவருக்குப் பழைய பொருள் விளங்கியது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட சட்ட வரைவு ஒன்று, சிவப்பாக்குவதாக வாக்குக் கொடுக்கும் விளம்பரத்துக்கு முதல் முறை இரண்டு ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் முன்மொழிந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான அந்தத் திருத்தம் பரவலாகப் பேசப்பட்டது, பெயர் மாற்றத்துக்குப் பின் பேச்சு ஓய்ந்தது.

4. திரையில் கறுப்புப் பெண்

விளம்பரத்தைவிட ஆழமாகத் தமிழ்ப் பெண்ணின் மனத்தில் இறங்கியது சினிமா. தமிழ்த் திரையில் கறுப்பு ஆண் நாயகனாகலாம். ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என்று வரிசை நீளும். 2000இல் வந்த ‘வெற்றிக் கொடி கட்டு’ படத்தில் கறுப்பைக் கொண்டாடி வெகுவாகப் புகழ்பெற்ற ஒரு பாட்டு உண்டு. அதில் புகழப்படுவது ஆணின் கறுப்பு, புகழும் குரல் பெண்ணுடையது. அதே அன்போடு பெண்ணின் கறுப்பைப் பாடி அந்த அளவுக்கு ஊரெல்லாம் ஒலித்த ஆண்குரல் பாட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நடிகை சரிதாவின் திரைவாழ்வை இந்தக் கோணத்தில் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை, எழுதப்பட வேண்டும். 1978இல் கே. பாலசந்தர் அவரை அறிமுகப்படுத்தினார். மாநிறத்துக்கும் கீழான நிறம், பெரிய கண்கள், எதையும் தாங்கும் குரல். ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) போன்ற படங்களில் தமிழ்ச் சினிமாவின் மிகச் சிறந்த நடிப்புகளில் சிலவற்றைத் தந்தார். பின்னர் நக்மா, விஜயசாந்தி, சௌந்தர்யா போன்ற நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவரானார். சிவந்த முகம் உதட்டை அசைக்க, அரங்கில் ஒலித்தது கறுப்பான நடிகையின் குரல். நாயகியின் கோபத்துக்கும் அழுகைக்கும் அந்தக் குரல் தேவைப்பட்டது, முகம் தேவைப்படவில்லை. தமிழ் தெரியாத வடநாட்டு நாயகி என்ற வழக்கத்தை மொழிப் பிரச்சினையாகவே நாம் அதிகம் பேசியிருக்கிறோம். அது எந்த உடலுக்கு இடம் கொடுத்தது, எந்த உடலைக் குரலாக மட்டும் சுருக்கியது என்பதும் அந்த அளவு பேசப்பட வேண்டியது.

ஷங்கரின் ‘சிவாஜி’ (2007) இந்தப் பாகுபாட்டைச் சிரிப்பாக்கியது. நாயகிக்காக நாயகன் சிவப்பாக முயல்வதும், ஒரு பாடல் முழுக்க வரைகலை உதவியுடன் வெள்ளைத் தோலோடு ஆடுவதும் அதில் உண்டு. ஆனால் அவன் கறுப்பு கடைசிவரை ரசிக்கப்படுகிறது. அதே படத்தில் இரண்டு பெண்களுக்குக் கரிய ஒப்பனை பூசி, அவர்களைப் பார்த்த மாத்திரத்தில் நாயகன் அரண்டு ஓடுவதாகக் காட்சி வைத்தார்கள். அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர். பறம்பு மலை வேந்தன் பாரியின் மகள்களாக மரபு போற்றும் பெயர்கள் அவை. தந்தையை இழந்த அந்தப் பெண்களின் துயரம் புறநானூற்றில் நிற்கிறது. அந்தப் பெயர்களை இழுத்துவந்து கறுப்புப் பெண்ணைப் பழிக்கும் நகைச்சுவைக்குத் தந்ததை, பல ஆண்டுகள் கழித்தும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரங்கு நிறையச் சிரித்தவர்களுக்கு நடுவில் பதின்வயதுக் கறுப்புப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

கறுப்புப் பெண்ணைத் திரை மதிப்போடு காட்டியதும் உண்டு. அங்கும் ஒரு நிபந்தனை தெரிகிறது. 2002இல் நந்திதா தாஸ் இரண்டு தமிழ்ப் படங்களில் நடித்தார். தங்கர் பச்சானின் ‘அழகி’யில் வாழ்விழந்து நகரத் தெருவோரத்தில் பிழைக்கும் தனலட்சுமி. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் பிள்ளையை அகதி முகாமில் விட்டுச்சென்ற ஈழத்தாய். இரண்டும் மறக்க முடியாத பாத்திரங்கள், இரண்டும் துயரத்தால் ஆனவை. நந்திதா தாஸே பிற்காலத்தில் சொன்ன ஒரு விஷயம் இதோடு பொருந்துகிறது: கிராமத்துப் பெண்ணாக நடிக்கும்போது அவர் நிறம் கேள்விக்குள்ளாவதில்லை, படித்த மேல்தட்டுப் பெண்ணாக நடிக்கும்போது ஒப்பனையால் நிறத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஐஸ்வர்யா ராஜேஷும் தன்னைக் கதாநாயகிக்குரிய தோற்றம் இல்லாதவராகத் திரைத்துறையினர் நடத்தியதை 2020இல் ஒரு பொதுமேடையில் பேசினார். அவரைப் பலர் அறிந்துகொண்டது ‘காக்கா முட்டை’யில் குடிசைப் பகுதித் தாயாக.

தொலைக்காட்சித் தொடர்களில் இந்த நிபந்தனை இன்னும் கெட்டியானது. 2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’, மலையாளத்தின் ‘கறுத்தமுத்து’ தொடரைத் தழுவியது. நிறத்துக்காக வெறுக்கப்படும் பெண்ணே அதன் நாயகி. லட்சக்கணக்கான வீடுகளில் கறுப்பு நாயகியை மாலைதோறும் பார்க்கவைத்தது என்ற வகையில் அது முக்கியமான நிகழ்வு. ஆனால் கண்ணம்மா தவறே செய்யாதவளாக, எவ்வளவு அடித்தாலும் தாங்குகிறவளாக இருக்க வேண்டியிருந்தது. சராசரிக் குணங்களும் சின்னச் சின்னச் சுயநலங்களும் சிவந்த நாயகிக்கு மன்னிக்கப்படும். கறுப்பானவள் தன் நிறத்துக்கு நல்ல குணத்தால் ஈடுகட்ட வேண்டும். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று வீட்டில் சொல்வார்களே, அந்த ‘ஆலும்’ விகுதியின் வேலையைத்தான் தொடர் செய்தது.

5. வீடு, ஸ்டூடியோ, மருந்துக்கடை

ஊர்களில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களைச் சற்று நின்று பார்த்தால் ஒன்று தெரியும். பெண்ணின் முகம் பால்போல வெளுத்திருக்கும். வளையல் அடுக்கிய கை அவளுடைய சொந்த நிறத்தில் இருக்கும். கழுத்தில் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் ‘கலர் ஏத்தி’யிருப்பார், அவசரத்தில் கைக்கு நேரம் இருந்திருக்காது. யாரும் கேட்காமலே செய்யும் சேவை அது. கல்யாண மேக்கப்பிலும் இதே கதைதான். “கைக்கும் சேர்த்துப் போட்டுடுங்க, போட்டோவுல தனியாத் தெரியும்” என்று மணப்பெண்ணின் சித்தியோ அத்தையோ பார்லர் அக்காவிடம் சொல்வார்கள். பெரியவளான நாளிலும் மணமான நாளிலும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் படம் அவளுடைய முகமாக இல்லை. அந்தத் திருத்தத்தைச் செய்தவர்கள் அவள்மேல் பாசம் உள்ளவர்கள். இப்போது கைப்பேசியின் ‘பியூட்டி மோடு’ அதையே கேட்காமல் நொடியில் செய்துவிடுகிறது.

வரன் தேடலில் இந்தப் பாசம் கணக்காக மாறுகிறது. பெண் கொஞ்சம் ‘கலர் கம்மி’ என்றால் நகை கூடும், அல்லது மாப்பிள்ளையின் வயது கூடும். இதைப் பெற்றோர் அறிவார்கள், தரகர் அறிவார், பெண்ணும் அறிவாள். இந்த அறிவுதான் அவளை மருந்துக்கடைக்கு அனுப்புகிறது.

மருந்துக்கடையில் நடப்பதை அழகியல் பேச்சுகள் பெரும்பாலும் தொடுவதில்லை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சீட்டு இல்லாமல் முகப்பூச்சாக விற்கப்பட்டுவந்தன. பூசிய சில நாள்களில் முகம் வெளுக்கும். மாதங்கள் கழியும்போது தோல் மெலிந்து, நரம்புபோல ரத்தக்குழாய்கள் தெரியும், பருவும் முடியும் வரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தாளாது, எனவே மறுபடி பூசுவார்கள். இந்தியாவின் 12 மையங்களில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். தோல் மருத்துவர்களின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பின் 2018இல்தான் பல ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. சில சிவப்பழகுக் களிம்புகளில் கலந்திருக்கும் பாதரசம் இதைவிடக் கொடியது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் கண்டறியப்பட்ட 22 சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்கு ஓர் அரிய வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்.

இந்தப் பெண்களை ‘விளம்பரத்தில் மயங்கியவர்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்கப்பட்ட பொருள் விஷம் என்பது அவர்களிடம் மறைக்கப்பட்டது. அதை வாங்கத் தூண்டிய காரணம் அவர்கள் கண்முன்னே இருந்தது.

6. ஏற்பு எங்கிருந்து வருகிறது

சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நந்திதா தாஸ் அதன் முகமானபின் நாடெங்கும் தெரிந்தது. பள்ளிகளில் பயிலரங்கம், விளம்பரங்களுக்கு எதிரான மனு என்று இரு பக்கமும் அது வேலை செய்தது. இந்த இயக்கத்தின் மீது வைக்கப்படும் விமர்சனம், கறுப்பும் அழகே என்று சொல்வதால் பெண்ணை அழகு என்ற தராசிலேயே நிறுத்திவைக்கிறது என்பது. கொள்கையளவில் சரியான விமர்சனம். ஆனால் ‘காக்கா’ என்று கூப்பிடப்பட்டு வளர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம், அழகு என்பதே ஒரு கட்டமைப்பு என்று தொடங்க முடியாது. நீ அழகாக இருக்கிறாய் என்று ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன் தன் முகநூலில் எழுதிய பதிவு இவ்விஷயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான ஆவணம். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். இருவரின் பணிக்காலத்தையும் ஒப்பிட்டு, ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு என்று ஒருவர் சொன்னதை அவர் வெளியில் வைத்தார். நான்கு வயதில் தன் தாயிடம், மறுபடி வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டு வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று கேட்டதையும் எழுதினார். ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரியாக இருந்தும் அந்தச் சொல் அவரைத் தொட முடிந்தது. கறுப்பில் அழகைக் கண்டு, தனக்கும் அதைக் காணக் கற்றுத்தந்தவர்கள் தன் பிள்ளைகள் என்று அவர் சொன்னதை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். கண்ணாடி முன் நின்று செய்த மனப்பயிற்சியில் அவருக்கு ஏற்பு வரவில்லை. தன்னைச் சுற்றியிருந்த சில கண்கள் வேறுமாதிரிப் பார்த்தபோது வந்தது.

அந்தக் கண்களை மாற்றுவது பெரிய புரட்சிக்குக் காத்திருக்க வேண்டிய காரியமும் அன்று. 2020 ஜூனில் ஷாதி.காம் என்ற வரன் தேடும் தளம் நிற வடிகட்டியை நீக்கியதற்குக் காரணம், வட அமெரிக்காவில் வாழும் தெற்காசியப் பெண்கள் சிலர் தொடங்கிய இணைய மனு. சில மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த வடிகட்டி பழைய பக்கத்தின் எச்சம், கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று விளக்கம் சொல்லி நிறுவனம் அதை எடுத்துவிட்டது. தமிழ் நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவைப் பத்திகளில் ‘நல்ல நிறமுள்ள’ என்ற சொல்லை ஏற்க மாட்டோம் என்று முடிவெடுக்க ஒரு விளம்பர மேலாளரின் கையெழுத்து போதும். மஞ்சள் நீராட்டு பேனரில் கலர் ஏற்ற வேண்டாம் என்று ஸ்டூடியோவில் சொல்ல ஒரு தாய்மாமன் போதும். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கும் கடையில் மருந்து ஆய்வாளர் நுழைய ஏற்கெனவே சட்டம் இருக்கிறது.